கூலி இல்லாத வேலை

சாலையை அரசாங்கம் போடுகிறது. தண்டவாளத்தை இரயில்வே போடுகிறது. ஒற்றையடிப் பாதையைப் போடுகிறவர் யார்? ஒருவரும் இல்லை, அது தானாக விழுகிறது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஆடு மேய்ப்பவரும் விறகு எடுப்பவரும் நடந்து நடந்து புல் தேய்கிறது, மண் தெரிகிறது, பாதை பிறக்கிறது. இந்த எண்ணம் பெரும்பாலும் உண்மைதான்.

தானாக விழாமல், மனிதர் எண்ணி வெட்டிய மலைவழிகளும் உண்டு. நாம் படிக்க வந்திருக்கும் இதே புனே மாவட்டத்தில், ஜுன்னருக்கு அருகே நாணேகாட் என்னும் கணவாய் இருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், சாதவாகனர் காலத்தில், கொங்கணக் கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு வணிகர் ஏறி வந்த வழி அது. அதன் உச்சியில் இருக்கும் பெரிய கற்சாடியை, சுங்கக் காசு போட்ட சாடி என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்த வழிக்கு வாணிபம் நோக்கம், சுங்கம் கணக்கு.

நான் எழுத வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. பிழைப்புக்காகவும் அல்லாமல், வாணிபத்துக்காகவும் அல்லாமல், நடக்கும் இன்பத்துக்காகவே நடக்கிறவர்கள், தாங்களே கூடித் தங்கள் கையால் அமைத்துக்கொள்ளும் பாதை. கடந்த ஓராண்டாக ஞாயிறு தோறும் விடியற்காலையில் நான் மண்வெட்டியோடு விடுதியை விட்டுப் புறப்படுவதை நண்பர்கள் அறிவார்கள். "புதையல் கிடைத்ததா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

புனே நகரத்தின் நடுவிலும் ஓரத்திலும் குன்றுகள் இருக்கின்றன. மராத்தியர் அவற்றை 'டேக்டி' என்பர். அவற்றுள் உயர்ந்தது வேதாள் டேக்டி. கடல் மட்டத்துக்குச் சுமார் 800 மீட்டர் உயரம். நம் ஊர்களில் கோயிலுக்குப் போவதைப்போல இங்குள்ள மக்கள் காலையில் டேக்டிக்குப் போகிறார்கள். ஒன்பது கஜப் புடவையும் கான்வாஸ் செருப்புமாக ஏறும் பாட்டிமார்களையும், அரைக்கால் சட்டையோடு இறங்கும் தாத்தாக்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகரத்தின் புகைக்கு மேலே நின்று அரை மணி நேரம் மூச்சு விடுவது அவர்களுக்கு ஒரு நியமம்.

இந்தக் குன்றுகள் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுதும் பரவிய குழம்பு அது. பாறைக்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் சரளை மண். அதில் புல்லும், வனத்துறை நட்ட கிளிரிசிடியா மரங்களும். ஜூன் மாதம் மழை தொடங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. ஆயிரம் கால்கள் தேய்த்து வைத்த பாதையில் அந்த நீர் இறங்கும்போது பாதையே ஓடையாகிவிடுகிறது. மண் போய்க் கல் பல்லிளிக்கிறது. கல்லில் நடக்கக் கூசுகிறவர் பக்கத்துப் புல்லில் நடக்கிறார். அங்கும் புல் தேய்கிறது. ஒரு பாதை இரண்டாகிறது; இரண்டு நான்காகிறது. பத்தாண்டில் குன்றின் ஒரு பக்கம் முழுதும் வழுக்கையாகிவிடுகிறது. குன்றை நேசித்து நடந்தவர்களின் காலே குன்றைத் தின்றுவிடுகிறது!

இப்படித் தேய்ந்துபோன ஒரு டேக்டியில் ஏறக்குறைய இருபது பேர் கூடி வேலை செய்கிறோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், கல்லூரி மாணவியர் சிலர், நான். உரியவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருக்கிறோம். புதுப் பாதை வெட்டுவதில்லை. இருக்கும் பாதையைக் காப்பாற்றுவதும், கிளைத்துப் போன வழிகளை முள் போட்டு மூடுவதுமே வேலை.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு முதலில் இந்த வேலையில் ஈடுபாடு உண்டானது அதன் கணக்கினால்தான். பாதைக்குப் பகை கால் அன்று, நீர். நீரிலும் அளவைவிட வேகமே பகை. ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால், அறுபத்து நான்கு மடங்கு எடையுள்ள கல் நகரும். ஆகவே, நீரை ஓட விடாமல் அவ்வப்போது பாதையை விட்டு வெளியே தள்ளிவிடுவதே பாதைக் கலையின் முழு இரகசியமும்.

அதற்குச் சில எளிய விதிகள் உண்டு. குன்றின் சரிவில் நேர் கீழாகப் பாதை இறங்கலாகாது. சரிவுக்குக் குறுக்காக வளைந்து போக வேண்டும். பாதையின் ஏற்றம் குன்றின் சரிவில் பாதியைத் தாண்டலாகாது. குன்று நூற்றுக்கு இருபது சரிந்தால், பாதை நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறக்கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையோடே ஓடும். பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். சில அடிக்கு ஒரு முறை மெல்லிய பள்ளம் ஒன்று விட்டால் நீர் அதில் தங்காமல் வெளியேறும். மிகச் செங்குத்தான இடத்தில் குறுக்கே சாய்வாகக் கல் வரிசை பதித்து நீரைத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான். சொல்ல எளிது. சரளையில் கடப்பாரை இறங்கும்போதுதான் அருமை தெரியும்.

நிற்க. இந்த வேலையைப் பற்றி ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார். "கூலி எவ்வளவு கண்ணு?"

"கூலி இல்லப்பா. நாங்களாச் செய்யறோம்."

சற்று நேரம் பேச்சு இல்லை. பிறகு, "நீ மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னுதானே நான் முப்பது வருசம் மம்பட்டி புடிச்சேன்" என்றார்.

அவர் தருமபுரிப் பக்கத்தில் சாலை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்தவர். ஜல்லி பரப்பியவர், தார் கொதிக்கும் புகையில் நின்றவர். என் பள்ளிக் கட்டணத்தில் அந்தத் தார் வாசனை உண்டு. அவர் சொன்னது எனக்குச் சுட்டது. ஆயினும் அதைவிடக் கூர்மையான கேள்வி மறுவாரம் வந்தது. "நீங்க சும்மா செய்யற வேலையைக் கூலிக்குச் செய்ய ஒருத்தன் இருப்பான்ல? அவன் சோத்துல மண்ணைப் போடறீங்களா?"

இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்தேன். இது என் ஒருவனுக்கான கேள்வி அன்று. தொண்டு என்ற பெயரில் உடலுழைப்பில் இறங்கும் படித்தவர் எவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, 'சிரமதானம்' என்ற சொல் ஊர் ஊராகப் போயிற்று. மக்கள் தம் உழைப்பைத் தானமாகத் தந்து சாலையும் கிணறும் அமைப்பது உயர்ந்த கருத்து. ஆனால் அதை நேரில் ஆராய்ந்த சமூகவியலறிஞர் எஸ். சி. துபே, 1958இல் வெளிவந்த தம் நூலில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மேல்நிலையில் இருந்தோர் மேற்பார்வை செய்தார்கள். மண் சுமந்தவர்கள் ஏழைகள். போட்ட சாலையில் வண்டி விட்டவர்கள் மேல்நிலையில் இருந்தோர். மண் சுமந்தவர்க்கு வண்டியே இல்லை! தானம் கொடுத்தவன் ஏழை, வாங்கியவன் செல்வன். என் தந்தையார் துபேயைப் படித்தவர் அல்லர். ஆனால் அவர் ஐயம் அந்த ஆராய்ச்சியின் முடிவோடு அப்படியே பொருந்துகிறது.

இதே சிரமதானம், நடுவுநிலையோடு நடந்தால் வேறு விளைவு தருவதையும் இந்த மாநிலத்திலேயே காண்கிறோம். 2016இல் தொடங்கிய பானி பவுண்டேஷன் நடத்திய போட்டியில், வறட்சி மிகுந்த கிராமங்கள் கோடை வெயிலில் மழைநீரைத் தேக்கக் குன்றுச் சரிவுகளில் சமமட்டக் குழிகள் வெட்டின. அங்கே வெட்டியவரின் கிணற்றுக்கே அந்த நீர் போய்ச் சேரும். ஆகவே, கூலி உண்டா இல்லையா என்பது மட்டும் கேள்வி அன்று. வெட்டுகிறவன் யார், பயன்பெறுகிறவன் யார் என்பதே கேள்வி.

இந்த வெளிச்சத்தில் உலகத்தின் பெரிய நடைபாதை ஒன்றின் கதையைப் படித்தேன். அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர். அதன் முதுகின் மேல் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே மெயின் வரை, பதினான்கு மாநிலங்களைக் கடந்து, சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் பாதை. இதை முதலில் நினைத்தவர் பெண்டன் மக்காய் என்னும் காட்டியல் அறிஞர். 1921 அக்டோபரில் கட்டடக் கலைஞர்களின் ஏடு ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்சாலை நகரங்களில் நசுங்கும் மக்கள் மலையில் ஓய்வும் உடல்நலமும் பெற வேண்டும். அவர்களே கூடி அந்தப் பாதையையும் தங்குமிடங்களையும் அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1923இல் நியூயார்க் மாநிலத்தில் முதற் பகுதி திறக்கப்பட்டது. 1925இல் பாதைச் சங்கங்களின் மாநாடு கூடியது.

கனவு கண்டவர் ஒருவர். அதைத் தரையில் இறக்கியவர் வேறொருவர். மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞர் 1931 முதல் 1952 வரை அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். மிதிவண்டிச் சக்கரம் ஒன்றை அளவுகருவியாக்கி உருட்டிக்கொண்டே பாதை முழுவதையும் பகுதி பகுதியாக நடந்து அளந்தார். ஊர் ஊராகச் சங்கம் கண்டார். 1937 ஆகஸ்டு 14ஆம் நாள், மெயின் மாநிலத்தில் கடைசி இணைப்பு முடிந்தது. மறு ஆண்டே பெரும்புயல் வந்து மரங்களைச் சாய்த்துப் பாதையை மறைத்தது. மீண்டும் வெட்டினார்கள். போர் வந்தது, பாதை புதர் மண்டியது. மீண்டும் வெட்டினார்கள். 1948இல், போர்முனையிலிருந்து திரும்பிய எர்ல் ஷாபர் என்பவர் ஒரே பயணமாக முழுப் பாதையையும் நடந்து முடித்தார். 1955இல் எம்மா கேட்வுட் என்ற அறுபத்தேழு வயதுப் பாட்டி, சாதாரணக் கான்வாஸ் செருப்போடு தனியாக நடந்து முடித்தார். முடித்ததும் சும்மா இருக்கவில்லை; பாதை கெட்டுக் கிடக்கிறது என்று பத்திரிகைக்காரரிடம் குறை சொன்னார்! 1968 அக்டோபர் 2ஆம் நாள் அந்தப் பாதையைக் காக்க நாட்டுச் சட்டம் பிறந்தது. இன்றும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஆண்டுதோறும் அதைச் செப்பனிடுகிறார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் என்னும் புயல் தென்பகுதியை உருக்குலைத்தபோதும் அவர்கள் இரம்பத்தோடு போய் நின்றார்கள்.

இந்தக் கதையில் என் தந்தையாரின் கேள்விக்கு நேரான பகுதி ஒன்று உண்டு. அந்தப் பாதை முழுதும் தொண்டர்களால் மட்டும் அமைந்ததன்று. 1933இல், வேலையில்லாத் திண்டாட்டத்தின் உச்சத்தில், அமெரிக்க அரசாங்கம் இளைஞர்களுக்காகக் காட்டுப் படை ஒன்றை ஏற்படுத்தியது. 1942 வரை அது நடந்தது. மாதம் 30 டாலர் ஊதியம். அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்படும். பாதையின் பல பகுதிகளையும் தங்குமிடங்களையும் இந்தக் கூலிப் படையே கட்டியது. தொண்டன் வழியைத் தேடினான். கூலியாள் கடுமையான பகுதியைக் கட்டினான். பிறகு தொண்டன் அதைக் காத்தான். இரண்டு கையும் சேர்ந்துதான் ஓசை எழுந்தது.

மற்றொரு பாடமும் உண்டு. 1930களில் ஷெனாண்டோவா மலைமுகட்டில் மோட்டார்ச் சாலை போட அரசாங்கம் முனைந்தபோது, மக்காய் எதிர்த்தார். முகட்டில் மோட்டார் ஏறினால் பாதைக்குப் பொருளே இல்லை என்றார். ஏவரியோ, பாதையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வோம், பாதை முடிய வேண்டும் என்றார். இருவரும் பிரிந்தனர். மக்காய் 1935இல் வேறு சிலரோடு சேர்ந்து காடு காக்கும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். யார் சொன்னது சரி? எனக்கு இருவரும் தேவை என்றே தோன்றுகிறது. மக்காய் இல்லையேல் பாதைக்கு நோக்கம் இல்லை. ஏவரி இல்லையேல் பாதையே இல்லை.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. அங்கே முதலில் வேண்டியிருந்தது மண்வெட்டி அன்று, உரிமை. மேட்டுநிலப் புல்வெளிகள் பிரபுக்களின் வேட்டைக் காடுகளாக இருந்தன. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். 1935இல் டாம் ஸ்டீபன்சன் என்னும் பத்திரிகையாளர், நாட்டின் முதுகெலும்பாகிய பென்னைன் மலைமீது நெடும்பாதை ஒன்று வேண்டும் என்று எழுதினார். முப்பது ஆண்டுகள் அதற்காக மன்றாடினார். 1949இல் சட்டம் வந்தது. 1965இல், அதே ஏப்ரல் 24ஆம் நாள், சுமார் 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் பாதை திறக்கப்பட்டது. பிறகு நடந்தவர் கூட்டத்தால் அங்கும் சதுப்பு நிலம் கரைந்தது. மூடிப் போன பருத்தி ஆலைகளின் தளக்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சதுப்பின் மேல் பாவினார்கள். எந்த ஆலைகளிலிருந்து மூச்சு விடத் தப்பி ஓடி வந்தார்களோ, அந்த ஆலைகளின் கல்லே பேரப்பிள்ளைகளின் காலைத் தாங்குகிறது!

நம் ஊருக்கு வருவோம். தமிழில் 'ஆற்றுப்படை' என்பது ஓர் இலக்கிய வகை. போய் வந்தவன் போகப் போகிறவனுக்கு வழி சொல்லுவது அது. மலைபடுகடாம் மலைவழியில் உள்ள இடர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறது. வழி சொல்வது ஒரு பொறுப்பு என்று அன்றே எண்ணியவர்கள் நாம். அந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் கண்டோம். மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு மலைநடைக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைநடைப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அந்தப் பாதைகளில் வழிகாட்டிகளாக அந்தந்த மலைப் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று ஊதியம் பெறுகிறார்கள். இது மிகச் சரி என்று நினைக்கிறேன். காட்டை அறிந்தவனுடைய அறிவு தானமாகப் பெறத்தக்கதன்று. விலை கொடுத்துப் பெறத்தக்கது.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்தபின் எங்கள் சிறு கூட்டத்தில் நான் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் டேக்டியின் அடிவாரத்தில் சிமெண்டுப் படிகள் சில உடைந்து கிடந்தன. "நாமே பூசிவிடலாமே, ஒரு நாள் வேலை" என்று சிலர் விரும்பினார்கள். நான் மறுத்தேன். "படி கட்டுவது குத்தகை வேலை. அதற்கு வரிப்பணம் இருக்கிறது. அதை நம்பி வாழும் கொத்தனார் இருக்கிறார். நாம் பூசினால் அவர் கூலியைப் பூசி மறைக்கிறோம். நாம் செய்ய வேண்டியது மனு எழுதுவது" என்றேன். வாதம் நடந்தது. வங்கித் தாத்தா, "மனு எழுதினால் மழை வந்துவிடும்" என்றார். ஆட்டோ ஓட்டுநர் என் பக்கம் பேசினார். "எங்கள் வண்டியை யாராவது இலவசமாக ஓட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?" என்று அவர் கேட்டதும் பேச்சு முடிந்தது. மனு எழுதினோம். நாற்பது பேர் கையெழுத்திட்டோம். நான்கு மாதத்தில் வேலையாட்கள் வந்து படியைக் கட்டினார்கள். அன்று முதல் எங்களுக்கு இரண்டு விதிகள். கூலிக்கு நடக்கும் வேலையை நாம் தொடுவதில்லை. நடப்பவர் எவரோ அவரே வெட்ட வேண்டும்.

இரண்டாம் விதி எளிதாகத் தோன்றும். ஆனால் அதில்தான் சாரம் இருக்கிறது. ஒரு சாண் சரளையைத் தன் கையால் வெட்டியவன் அந்தக் குன்றை இனி வேறு கண்ணோடு பார்ப்பான். 2023 ஏப்ரலில், வேதாள் டேக்டியை ஊடுருவும் சாலை, சுரங்கத் திட்டங்களை எதிர்த்துப் புனே மக்கள் பெருந்திரளாக ஊர்வலம் போனார்கள். அங்கே போனவர்களில் மிகப் பலர் அந்தக் குன்றின் பாதைகளை அடிக்கு அடி அறிந்தவர்கள். நடந்து அறியாத குன்று வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதை அழிப்பவனுக்குக் கை நடுங்காது. பாதை என்பது குன்றுக்குச் சாட்சி சொல்ல ஆள் சேர்க்கும் வழி. இந்தப் பணியைச் செய்யக் கூலியாள் கிடைக்கமாட்டார். ஒப்பந்தப்புள்ளி கோரவும் முடியாது.

இதைத் தந்தையாரிடம் சொன்னேன். சாட்சி, வரலாறு, அமெரிக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தக் கல்லு வரிசையைக் காட்டு" என்றார். கைப்பேசியில் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "கல்லைப் படுக்க வைக்காதே. மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகணும். அப்பத்தான் கால் பட்டா ஆடாது. தண்ணி போற பக்கம் இன்னும் கொஞ்சம் வாட்டம் குடு" என்றார்.

வாட்டம்! நான் நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து என்று புத்தகத்தில் படித்ததை எல்லாம் ஒரு சொல்லில் சொல்லிவிட்டார். கொத்தனாரும் சாலைத் தொழிலாளியும் நாள்தோறும் புழங்கும் சொல் அது. அடுத்த ஞாயிறு வங்கித் தாத்தாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் சிரித்து, "நாங்கள் 'டாள்' என்போம்" என்றார். நீர் எந்த மொழியிலும் ஒரே பக்கம்தான் ஓடுகிறது. அவர் சொன்னபடியே கற்களைத் தோண்டி ஆழப் பதித்தோம். முன்பு மூன்று கற்கள் பதித்த நேரத்தில் இப்போது ஒன்றுதான் முடிகிறது.

முப்பது ஆண்டு மண்வெட்டி பிடித்தவரின் மகன் மண்வெட்டி பிடிக்கலாமா என்ற கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் பிடித்தது வேறு வழியில்லாமல். நான் பிடிப்பது வேண்டும் என்று விரும்பி. அந்த விருப்பத்தை எனக்கு வாங்கித் தந்தது அவருடைய கூலிதான். ஆகையால் அவர் தொழிலை இழிவு என்று எண்ணி நான் விலகினால்தான் அவருக்கு நன்றி கெட்டவன் ஆவேன். அவர் இன்னும் முழுதும் இணங்கவில்லை. ஆனால் இப்போது வாரந்தோறும் "கல்லு நின்னுச்சா?" என்று கேட்கிறார்.

நண்பர்களே, அடுத்த மழைக்குமுன் இன்னும் முந்நூறு மீட்டர்ப் பாதை மீதி இருக்கிறது. அதில் நான்கு இடங்களில் நீர் திருப்பும் கற்கள் பதிக்க வேண்டும். இரண்டு கிளைவழிகளை மூட வேண்டும். இரண்டு மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும் கூடுதலாக இருக்கின்றன. பிடிக்கக் கைதான் குறைவு. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு விடுதி வாயிலில் சைக்கிளோடு நிற்பேன். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம்; மெஸ்ஸில் இட்லி தீர்ந்திருக்காது. குன்றில் தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து பேசுகிறார்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். முதல் நாள் "வாட்டம்" என்ற ஒரு சொல் போதும்.